அணைச்சாச்சா, அண்ணே?

இது நடந்தது. முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன். பாதிராத்திரி, சுடுகாடு, ஒற்றைப் புளியமரம் எல்லாம் தேடி வந்தவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. பட்டப்பகல் மூன்று மணிக்கு, இருபது பெண்கள் வேலை செய்துகொண்டிருந்த தேயிலை ஸ்டோரில், சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்தது. நம்ப மாட்டேன் என்கிறவர்களோடு நான் மல்லுக்கு நிற்கப் போவதில்லை. அடுத்த மழைக்காலத்தில், வானம் உறுமும் நேரத்தில் ஒரு சுவிட்சில் கை வைக்கும்போது தானாக என் நினைப்பு வரும்.

சங்கதிக்கு உரியவர் நாகமுத்து. மாத்தளையில் இரத்தோட்டைக்கு மேலே, ஊசிக்கல் தோட்டத்து ஸ்டோரில் கரண்டு வேலை முழுவதும் அவர் பொறுப்பு. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அவர் வாயாலேயே இதை மூன்று தடவை கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் ஒரு நிமிடம்கூட முன்னே பின்னே மாறவில்லை. மூன்று தடவையும் சொல்லி முடித்ததும் மனுஷன் என் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்தார். பேயைக் கண்டு பயந்தவன் அப்படி உட்கார மாட்டான். வெட்கப்பட்டவன்தான் உட்காருவான்.

வருஷம் 1936. தோட்டத்துக்குக் கரண்டு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கீழே ஓடைக்கரையில் தண்ணீர் வேகத்தில் சுற்றும் ஒரு சக்கரம், அதற்கு ஒரு கொட்டகை. அங்கிருந்து மேலே ஸ்டோர் வரைக்கும் முக்கால் மைல் தூரத்துக்கு மரக் கம்பங்கள். அவற்றின்மேல் இரண்டு வெறும் செம்புக் கம்பிகள். அந்தக் கம்பிகளை இழுத்துக் கட்டியவர் கொழும்பிலிருந்து வந்த முத்தலிப் நானா. வேலை முடிந்து போகிற அன்றைக்கு நாகமுத்துவை சுவிட்ச் அறையில் நிறுத்திவைத்து ஒரு பாடமே நடத்தினார்.

"ஓய் நாகமுத்து, இடி வந்து உங்கட கம்பியில விழத் தேவயில்ல. விளங்குதா? அங்கால மலையில விழுந்தாலே போதும்."

"அங்க விழுந்தா இங்க என்னங்க நானா?"

"மேகம் மேல நிக்கிற நேரம் கம்பியில உள்ள கரண்ட இழுத்துப் புடிச்சு வெச்சிருக்கும். அங்கால இடி விழுந்த உடன அந்தப் புடி விட்டுரும். விட்டா அது சும்மா இரிக்குமா? ரெண்டு பக்கமும் பாஞ்சு ஓடும். ஆயிரக்கணக்கான வோல்ட்டு. சுவிட்ச நீங்க அணச்சு வெச்சிருந்தாலும் தாண்டிப் போயிரும்."

பிறகு சுவரைக் காட்டினார். மாட்டுக் கொம்புபோல எதிரெதிரே வளைந்த இரண்டு செம்புத் துண்டுகள். நடுவே விரல் போகிற இடைவெளி. அதிலிருந்து ஒரு செம்புப் பட்டை சுவரோடு இறங்கி வெளியே மண்ணுக்குள் போனது.

"அந்தக் கரண்டுக்கு ஓட ஒரு வழி வேணும். இந்தக் கொம்பால தாண்டி, இந்தப் பட்டையால இறங்கி, கீழ பொதச்ச செம்புத் தகட்டுக்குப் போய் மண்ணுல மறஞ்சிரும். அந்த வழிய மட்டும் கெடுத்துராதீங்க. வழி இல்லாட்டி அது தானா ஒரு வழி தேடும். மனிசன் உடம்பும் அதுக்கு வழிதான்."

நாகமுத்து தலையாட்டினார். நாலு வருஷம் ஒழுங்காகத்தான் இருந்தார்.

அந்த வருஷம் ஆவணியில் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். சிலைக்கு அடியில் யந்திரத் தகடு வைக்க வேண்டும். மந்திரக் கோடுகள் கீறிய செம்புத் தகடு அது. ஒரு சாண் இருந்தால் போதும் என்றார் மாத்தளையிலிருந்து வந்த குருக்கள். டவுன் கடையில் கிடைத்ததோ காகிதம்போல மெல்லிசு. நாள் நெருங்கிவிட்டது. கோயில் கூட்டத்தில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது நாகமுத்து எழுந்து நின்றார்.

"நான் தர்றேங்க. நல்ல கனத் தகடு. ஒரு முழம் இருக்கும்."

எதற்காக அப்படிச் சொன்னார்? பெரிய கங்காணி செல்லச்சாமிக்கு முன்னால் ஒரு தடவையாவது நெஞ்சை நிமிர்த்தி நிற்க வேண்டும் என்ற ஆசை. அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோர் பூட்டிக் கிடந்த வேளையில், சுவிட்ச் அறைக்குப் பின்னால் மம்பட்டியால் தோண்டித் தகட்டைக் கழற்றினார். அதற்குப் பதிலாக ஒரு பிஸ்கட் டின்னைத் தட்டி நிமிர்த்தி, பட்டையின் நுனியில் முறுக்கிக் கட்டி, மண்ணைப் போட்டு மூடி மிதித்துவிட்டார். தகரமும் இரும்புதானே, மண்ணுக்குள் கிடந்தால் போதாதா என்று தன் மனசைத் தானே சமாதானம் செய்துகொண்டார். ஒரு மழைக்குள் அந்தத் தகரம் இற்றுப்போயிருக்கும்.

கும்பாபிஷேகத்தன்று அவர் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். கங்காணிக்கு முன்னால் அவருக்குத் திருநீறு கொடுத்தார்கள். அவர் மனைவி சுந்தரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் செம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி பாப்பம்மாவைச் சொல்ல வேண்டும்.

பாப்பம்மா ஸ்டோரில் தூள் சலிக்கும் அறையில் வேலை செய்தவள். புருஷன் இல்லை. அழகாயி என்று ஒரே மகள், பதினேழு வயது. மாத்தளை டவுனில் மாப்பிள்ளை பார்த்து, தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி வெற்றிலை மாற்றியாகிவிட்டது. அந்தச் சலிக்கும் அறைக்கும் நாகமுத்துவின் சுவிட்ச் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புத்தான். சல்லடை மெசின் பெரிய இரும்பு உருப்படி. இடி இடிக்கத் தொடங்கினால் நாகமுத்து கரண்டை அணைப்பார், மெசின் நிற்கும். நின்ற நேரத்தில் பெண்கள் அதன் கம்பி வலையில் சிக்கிய குச்சிகளைக் கையால் பொறுக்கி எடுப்பார்கள். மற்றவர்கள் மெசின் நின்ற கையோடு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். பாப்பம்மா அப்படியில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பாள்.

"அணைச்சாச்சா, அண்ணே?"

"ஆச்சு தங்கச்சி. பயப்படாம வேலையப் பாரு."

அதற்குப் பிறகுதான் இரும்பைத் தொடுவாள். மற்றப் பெண்கள் கேலி செய்தாலும் கேட்காமல் தொட மாட்டாள்.

அக்டோபர் தொடக்கத்தில் கங்காணி வீட்டில் கழுத்தில் போடும் ஓர் அட்டியல் காணாமல் போனது. அந்த வாரம் அங்கே மாவிடிக்கப் போயிருந்தவள் பாப்பம்மா. பழி அவள்மேல் விழுந்தது. அவள் அழுது புரளவில்லை. கோயிலில் சத்தியம் செய்கிறேன் என்றாள். அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை, தோட்டமே கூடி நின்றது. மாரியம்மன் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

"நான் எடுத்திருந்தா என் தலையில இடி விழட்டும்."

முதல் வரிசையில் நாகமுத்து நின்றார், நெற்றி நிறையத் திருநீற்றோடு. திருடாத ஒருத்தி கையைச் சுட்டுக்கொள்கிறாள், திருடின ஒருவன் கைகூப்பி நிற்கிறான், அம்மன் அந்தத் திருட்டுச் செம்பின் மேலேயே இருக்கிறாள். அன்றைக்கு அவருக்கு இது உறைக்கவே இல்லையாம்! அதுதான் எனக்கு ஆத்திரம்.

பதினோராம் நாள், அக்டோபர் 20, செவ்வாய்க்கிழமை.

மூன்று மணிக்கு வானம் இருட்டியது. 3.10க்கு முதல் இடி. நாகமுத்து சுவிட்சின் கைப்பிடியை இழுத்தார். அதன் செம்பு நாக்குகள் விடுபட்டு, நடுவே நாலு விரல் இடைவெளியோடு நின்றன. மெசின் ஓய்ந்தது.

"அணைச்சாச்சா, அண்ணே?"

"ஆச்சு தங்கச்சி."

3.17க்கு எதிர் மலையில் மின்னல் இறங்கியது. அரை மைலுக்கு அப்பால். ஜன்னல் வழியே அவர் பார்த்தார், உச்சியில் ஒரு மரம் இரண்டாகப் பிளந்தது. அதே கணத்தில், அணைத்து வைத்த சுவிட்சின் நாலு விரல் இடைவெளியை ஒரு நீலப் பொறி தாண்டிப் பாய்ந்தது. பட்டென்று ஒரு சத்தம். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் அலறினார்கள்.

பாப்பம்மா மெசின்மேல் கவிழ்ந்து கிடந்தாள். உள்ளங்கையில் சூடம் சுட்ட புண் ஆறியும் ஆறாமலும் இருந்தது. அதன் நடுவில் புதிதாக ஒரு கறுப்புத் தழும்பு. உயிர் இல்லை.

மண்ணுக்குள் போக வழியில்லாமல், முத்தலிப் நானா சொன்னபடியே, அது வேறு வழி தேடிக்கொண்டது. நாகமுத்துவுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. வேறு ஒருவருக்கும் விளங்கவில்லை. ஸ்டோர் வேலைக்குப் பொறுப்பான டீ மேக்கர் பொன்னுத்துரை யாழ்ப்பாணத்துக்காரர், உள்ளதை உள்ளபடி பேசுகிற மனுஷன். விசாரிக்க வந்த தோட்டத்துத் துரையிடம் அவரே அடித்துச் சொன்னார்.

"சுவிட்ச் நிப்பாட்டித்தான் கிடந்தது. நான் என்ரை கண்ணாலை கண்டனான். நாகமுத்துவிலை ஒரு பிழையும் இல்லை."

கரண்டு அணைந்திருந்தது. அப்படியானால் கொன்றது எது? தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லோரிடமும் பதில் தயாராக இருந்தது. இடி! கூரைத் தகரத்தில் ஓர் ஓட்டைகூட விழாமல் உள்ளே புகுந்து, இருபது பெண்களில் பாப்பம்மாவை மட்டும் பொறுக்கி எடுத்த இடி. பொய்ச் சத்தியம் செய்தவளை அம்மன் விடவில்லை என்றார்கள்.

பிணம் தூக்க நாலு பேர் சேர்வதே பெரும்பாடாகிவிட்டது. வாய்க்கரிசி போட லயத்தில் பாதிப் பேர் வரவில்லை. நாகமுத்து காய்ச்சல் என்று சொல்லிக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். காய்ச்சலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. மறுவாரம் மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். பொய்ச் சத்தியக்காரியின் மகளை எடுத்தால் குடும்பம் விளங்காதாம். தாயின் வேலை மகளுக்கு வந்தது. அழகாயி அதே மெசினுக்கு முன்னால், அதே இடத்தில் நின்றாள்.

வாயைத் திறந்தால் செத்தவளின் பேர் மீளும், இருக்கிறவளின் வாழ்க்கை மீளும். ஆனால் நாகமுத்துவின் வேலை போகும், மானம் கப்பலேறும். அம்மனைப் பெயர்க்காமல் தகட்டை எடுக்க முடியாது. சொல்லிவிடலாமா என்று நினைக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பரிவட்டம் கண்முன்னால் வந்து நிற்குமாம். வாயை மூடிக்கொண்டார். வேறு தகடாவது வாங்கிப் புதைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். தோண்டும்போது யாராவது பார்த்தால் சந்தேகப்படுவார்களே என்று பயமாம். இதெல்லாம் ஒரு பயமா? அழகாயியின் கை ஒவ்வொரு நாளும் அந்த இரும்பில் இருக்கிறது, வானமோ ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்குக் கறுக்கிறது!

அக்டோபர் 28, புதன்கிழமை.

3.05க்கு இடி. சுவிட்சை அணைத்தார். சுவரிலிருந்த மீட்டரின் முள் பூச்சியத்துக்கு விழுந்தது.

3.12க்கு அந்த முள் மெதுவாக எழுந்தது.

தூரத்து மின்னலாக இருக்கும் என்று முதலில் நினைத்தார். ஆனால் மின்னலால் வருகிற கரண்டு கண் இமைப்பதற்குள் வந்து போய்விடும். இது போகவில்லை. பத்து வரை எண்ணினார். இருபது வரை எண்ணினார். யாரோ விரலால் தாங்கிப் பிடித்திருப்பதுபோல முள் ஆடாமல் நின்றது. பிறகு விழுந்தது.

சூடம் வாசனை வந்தது.

"யாரும்மா அங்க சூடம் கொளுத்துனது?" தடுப்புக்கு மேலாகக் கேட்டார்.

"இங்க யாரும் கொளுத்தலியேண்ணே."

தேயிலைத் தூள் மணக்கிற இடத்தில் வேறு மணம் தங்காது. அன்றைக்குத் தங்கியது… அவர் சட்டையில் தங்கியது. வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தால் அதிலும் இருந்தது.

நவம்பர் 4. மறுபடியும் புதன்.

அன்று கொழுந்து அதிகம். பெண்கள் எல்லோரையும் பொன்னுத்துரை மாடிக்குக் கொழுந்து பரப்ப அனுப்பிவிட்டார். சலிக்கும் அறையில் ஒருவரும் இல்லை. நாகமுத்துவே கதவைச் சாத்திக் கொக்கி போட்டார்.

3.20க்கு இடி. அணைத்தார்.

3.26.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம்.

சரக்… சரக்… சரக்…

வலையிலிருந்து குச்சி பொறுக்குகிற சத்தம். நாலு வருஷமாகக் கேட்ட சத்தம்.

எழுந்தார். தடுப்பை எட்டிப் பார்க்கவில்லை.

சத்தம் நின்றது.

"அணைச்சாச்சா, அண்ணே?"

அதே குரல். பலகைக்கு ஒரு சாண் தூரத்தில்.

வெளியே இடி உருண்டது.

"அணைச்சாச்சா, அண்ணே?"

அந்தக் குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. எப்போதும் கேட்கிற மாதிரியே கேட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றார் நாகமுத்து. மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் தாங்கியிருப்பேன் என்றார். இவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கேட்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. 'ஆச்சு' என்று சொல்ல வாயெடுத்தார். அந்தப் பொய் வெளியே வரவில்லை.

3.31க்கு மழை கொட்டியது. கொக்கியை எடுத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. மெசின் அடியில் மூன்று சின்னக் குவியல்கள் இருந்தன. குச்சிகளை நீளம் பார்த்துப் பிரித்து அடுக்கியிருந்தது. பாப்பம்மா அப்படித்தான் அடுக்குவாள். தோட்டத்தில் வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? விளக்குமாற்றை எடுத்து மூன்று குவியலையும் கூட்டித் தள்ளிவிட்டார்.

"பேயடிச்ச மாதிரி இருக்கீங்களே, என்னங்க?" என்று சுந்தரம்மா கேட்டாள். "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயி மந்திரிச்சுட்டு வருவோம்."

"கோயிலுக்கு வேணாம்" என்றார். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை.

நவம்பர் 12, வியாழக்கிழமை.

காலையிலிருந்தே புழுக்கம். 3.28க்கு ஸ்டோருக்குள் விளக்கு வைக்கிற அளவுக்கு இருட்டிவிட்டது. 3.30க்கு இடி. அணைத்தார். கைப்பிடி இரண்டு தடவை வழுக்கியது.

ஜன்னலுக்கு வெளியே கம்பிகள் முனகத் தொடங்கின. உம்ம்ம்… என்று மெல்லிய சத்தம். மேகம் அவற்றைப் பிடித்துவிட்டது.

3.38க்குப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தார்.

மற்றப் பெண்கள் தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அழகாயி மட்டும் மெசினுக்கு முன்னால். இரண்டு கையையும் இரும்பு விளிம்பில் அழுத்தி வைத்திருந்தாள். குச்சி பொறுக்கவில்லை. சும்மா வைத்துக்கொண்டு நின்றாள். கண் தடுப்பைப் பார்த்தபடி இருந்தது.

அவள் கைக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை.

கை மட்டும்…

வலது உள்ளங்கை மேலே திரும்பியிருந்தது. நடுவில் கறுப்புத் தழும்பு.

3.40.

"அணைச்சாச்சா, அண்ணே?"

பெண்கள் ஒருவரும் திரும்பவில்லை. யாருக்கும் கேட்கவில்லை.

கம்பியின் முனகல் ஏறியது.

சூடம் வாசனை…

"அணைச்சாச்சா…"

"ஆகல!"

கத்திவிட்டார்.

"ஆகல! கீழ தகடு இல்ல! கைய எடு புள்ள! எடு!"

தடுப்புக் கதவை உதைத்துக்கொண்டு ஓடினார்.

அழகாயி கையை எடுத்தாள்.

3.41.

வெள்ளை வெளிச்சம். எதிர் மலை.

பட்ட்!

அவள் கை இருந்த விளிம்பிலிருந்து ஒரு நீலப் பொறி கிளம்பி, தரையில் இருந்த இரும்பு வாளிக்குத் தாவியது. வாளி உருண்டு சுவரில் மோதியது.

கூரையில் மழை கொட்டத் தொடங்கியது. நாகமுத்து அந்த இடத்திலேயே மண்டி போட்டுவிட்டார். இருபது பெண்களுக்கும் பொன்னுத்துரைக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொன்னார். தகட்டைத் தோண்டி எடுத்ததை, கோயிலுக்குக் கொடுத்ததை, பிஸ்கட் டின்னை, சாவுக்கு வராமல் படுத்துக் கிடந்ததை. "பாப்பம்மா சத்தியம் பொய்யில்ல. திருடன் நான்தான்" என்றார். பெண்களில் ஒருத்தி அவர் காலடியில் காறித் துப்பினாள். பொன்னுத்துரை மட்டும் "என்ன மனுசன் காணும் நீர்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்ததாம். சாகவில்லை.

துரை அன்றைக்கே வேலையை விட்டு நீக்கினார். குருக்கள் வந்து பரிகாரம் செய்து, அம்மனைப் பெயர்த்துத் தகட்டை வெளியே எடுத்தார். அது பழைய குழிக்கே போனது. அட்டியல் எங்கே போனது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பாப்பம்மா எடுத்தாள் என்று தோட்டத்தில் அதற்குப் பிறகு ஒருவரும் சொல்லவில்லை. அன்று வாய்க்கரிசி போட வராதவர்கள் எல்லோரும் அவள் குழியில் போய் ஒரு பிடி அரிசி போட்டுவிட்டு வந்தார்கள். டவுனிலிருந்து வெற்றிலைத் தட்டு மறுபடியும் வந்தது. அழகாயி அதைத் தொடாமல் எட்டு நாள் மூலையில் வைத்திருந்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னாள்.

சனிக்கிழமை காலை நாகமுத்து மூட்டை முடிச்சோடு தோட்டத்தை விட்டுப் போனார். வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. பெரிய ரோட்டு வளைவில் அழகாயி மட்டும் நின்றிருந்தாள். சுந்தரம்மாவை முன்னால் போகச் சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"என்னைய மன்னிச்சுரு புள்ள."

இரண்டு நாளாக அரித்துக்கொண்டிருந்ததை அவர் கேட்டார். "அன்னிக்கு எதுக்காகக் கைய அப்படி வெச்சுக்கிட்டு நின்ன? வேலையும் செய்யலியே."

"அம்மாதான் வைக்கச் சொன்னாங்க, மாமா."

அவருக்கு விளங்கவில்லை. "எப்ப?"

"அதுக்கு மொத நாள் காலையில. பீலியில தண்ணி புடிக்கிறப்ப பக்கத்துல வந்து நின்னாங்க. எல்லாத்தையும் சொன்னாங்க. தகடு எடுத்தது, டின்னு வெச்சது… நீங்க தோண்டுறப்ப ரெண்டு தடவ மம்பட்டியக் கீழ போட்டுட்டுக் கோயில் பக்கம் பாத்துக் கும்பிட்டீங்களாமே."

கும்பிட்டதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. பெண்சாதியிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு ஸ்டோரைச் சுற்றி ஈ, காக்கை இல்லை.

"தெரிஞ்சுமா வெச்ச? செத்திருப்பியே புள்ள!"

"நானும் அதத்தான் கேட்டேன். செத்துருவேனேம்மான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

அழகாயி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"'பயப்படாம வையி. நாகமுத்தண்ணன் நல்ல மனுஷன், சொல்லிருவாரு'ன்னாங்க."

அதற்குப் பிறகு நாகமுத்து பதினைந்து வருஷம் இருந்தார். யாராவது தவறிப்போய் அவரை நல்ல மனுஷன் என்று சொல்லிவிட்டால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பாதியில் எழுந்து வெளியே போய்விடுவார்.